ஊர்க்காரியின் தாள்கள்

மயிலம்மாள் தகர டின்னுக்குள் வெறும் கையை விட்டு, எரியத் தொடங்கியிருந்த தாள்களை வெளியே இழுத்துப் போட்டாள். ஓரம் கருகிய தாள்கள் சிமெண்டுத் தரையில் புகைந்தன. அவற்றைக் காலால் மிதித்து அணைத்தாள்.

“விடுங்க அண்ணி. அது என்னோடது,” என்றாள் ரதி.

“ஊர்க்காரி திமிரப் பாத்தியா? ஐ.சி. வந்த மறுநாளே கொளுத்துறா.”

இதைக் குழாயடியில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி ஷங்கரிடம் சொன்னாள். அவன் நிமிரவில்லை. “வுடுங்க லா, ரெண்டு பேரும்,” என்று சக்கரத்திடம் முணுமுணுத்தான்.

ஊர் என்றால் இந்தியா. புதுக்கோட்டையில் ஷங்கரைக் கட்டிக்கொண்டு மலேசியாவின் சுங்கை காடுட்டுக்கு வந்த நாளிலிருந்து ரதிக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர்.

நேற்றுத்தான் அவளுடைய சிவப்பு ஐ.சி.யை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டையை, திரும்ப வாங்கிக்கொண்டு, குடிமக்களுக்கான நீல ஐ.சி.யைக் கொடுத்திருந்தார்கள். குடியுரிமைச் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மிச்சமிருந்தவை விசா நகல்கள், மனுக்கள், ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்த கடிதங்கள். அவற்றை இனி ஒரு நாளும் பார்க்கக் கூடாது என்று டின்னைத் தேடி எடுத்தாள்.

ஏனென்றால் அந்தத் தாள்களை வைத்துத்தான் மயிலம்மாள் அவளை ஆட்டி வைத்தாள். குழம்பில் உப்புக் கூடினாலும், இமிகிரேஷனுக்கு ஒரு போன் போட்டால் போதும், பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்பாள். தான் இங்கே ரப்பர் தோட்டத்திலேயே பிறந்தவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. அப்போதெல்லாம் ரதிக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது. இன்று இல்லை.

“என் கல்யாணத்துக்கே நீங்க வரல,” என்றாள். “மூணாவது முடிச்சு நாத்தனார் போடணும். எங்கம்மா வாசல்ல நின்னு உங்களத் தேடுச்சு. பிளேன்ல ஏறப் பயம்னு சொல்லி விட்டீங்க. கடைசில பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டுச்சு.”

மயிலம்மாள் தரையில் உட்கார்ந்து, தாள்களின் சாம்பலை முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொன்றையும் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

ரதிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. செத்தாலும் தன்னை எங்கிருந்தோ வந்தவள் என்று நிரூபிக்கத்தான் இதையெல்லாம் பொறுக்குகிறாள் என்று நினைத்தாள்.

“அத வச்சு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது அண்ணி. உங்களுக்கும் எனக்கும் இப்ப ஒரே நீல ஐ.சி.தான்.”

“வாய மூடு. எந்தத் தாள வச்சப்புறம் ஒனக்கு ஐ.சி. குடுத்தாங்க? அத மட்டும் எடுத்துக் குடு. மத்தத நீயே கொளுத்திக்க.”

“அது உங்களுக்கு எதுக்கு?”

குழாய் நின்றது. ஷங்கர் ஈரக் கையோடு வந்து நின்றான்.

“சொல்லிரு அக்கா. இன்னும் எத்தன நாளைக்கு என்னையும் சேத்து மறைக்கச் சொல்லுவ?”

மயிலம்மாள் அவனை முறைத்தாள். அந்த முறைப்பு மாறாமலே ரதியின் பக்கம் திரும்பினாள்.

“இங்க பொறந்த எனக்கு இன்னும் நீல ஐ.சி. குடுக்கல.”