வரைபடத்தில் இல்லாத கேபிள்

சென்னியப்பன் ஓங்கிய கடப்பாரையை மூன்றாவது முறையாக அன்புசெல்வி தடுத்து நிறுத்தினாள்.

அவர் குழிக்குள் செருப்பில்லாமல் நின்றார். பழைய குடிநீர்க் குழாய் எங்கோ கசிந்து, கணுக்கால் வரை சேறாகியிருந்தது.

அவள் விளிம்பை விட்டு நகராமல் போனைக் காதில் வைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.

மங்கலத்தில் புதிய குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். தோண்டுமுன் மண்ணுக்குள் யார் யாருடைய லைன் போகிறது என்று விசாரித்து, அவரவரை வரவழைத்துக் கோடு போட வைப்பது ஒப்பந்த நிறுவனத்தில் அவளுடைய வேலை.

எல்லோரும் வந்துபோய்விட்டார்கள். மின்வாரியத்தார் சிவப்பில் கோடு போட்டார்கள். தொலைபேசிக்காரர்கள் ஆரஞ்சில் போட்டார்கள். எரிவாயுக் குழாய்க்காரர்கள் மட்டும், எங்கள் குழாயை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

தள்ளியதில் குழி இங்கே வந்துவிட்டது.

இங்கே இன்னொரு கேபிள் போகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணற்று மோட்டார் அறையிலிருந்து, இந்தப் பக்கத்துத் தறிக்கூடத்துக்கு. விவசாயத்துக்கு வரும் இலவச மின்சாரத்தில் தறி ஓடுகிறது. ஃபியூஸ்கூட வைக்காமல் நேராக இழுத்துப் புதைத்த கேபிள். எந்த வரைபடத்திலும் அது இல்லை.

கடப்பாரை அதில் பட்டால் சென்னியப்பன் சேற்றிலேயே சாவார்.

வாய் திறந்து சொன்னால் தறிக்கூடத்துக்குச் சீல் வைப்பார்கள். வழக்கு வரும். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

கேபிளுக்குச் சொந்தக்காரர் போனை எடுத்தால் போதும். மோட்டார் அறைச் சாவி அவரிடம் இருக்கிறது. சத்தமில்லாமல் மெயினை அணைத்துவிட்டால், வெட்டுப்படுவது ஏதோ செத்துப்போன பழைய கேபிள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அவர் எடுக்கவில்லை.

நேரில் போய்க் கூப்பிடலாம். ஆனால் அவள் குழியை விட்டு நகர்ந்தால் கடப்பாரை இறங்கிவிடும்.

பொறியாளர் அருண்பாண்டி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு மாற்றலாகி வந்தவர். அவருக்குப் பின்னால், ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த பனியன் கம்பெனி வேன்கள் வழி கேட்டு ஹாரன் அடித்தன. எல்லாரும் வந்தாச்சே, இன்னும் யாரை எதிர்பார்க்கிறாய் என்றார். கேபிள்காரர் ஒருவர் பாக்கி என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவள் மறுபடி அதே எண்ணை அழுத்தினாள்.

"ஏம்மா, மண்ணுக்குள்ள இருக்கது உனக்கு மட்டும் தெரியுதாக்கும்?" என்றார் பொறியாளர்.

எரிவாயுக் குழாய் பக்கத்தில் இருப்பதால் பொக்லைனை ஓரங்கட்டியிருந்த டிரைவர் சிரித்தார். அருண்பாண்டி குழியைப் பார்த்து, தோண்டச் சொல்லிக் கையசைத்தார்.

"ரெண்டே குத்துதான் கண்ணு, முடிஞ்சுபோகும்." சென்னியப்பன் அவளைத் தேற்றுகிறவர்போலச் சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினார்.

அவள் குழிக்குள் குதித்தாள்.

கடப்பாரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்துச் சென்னியப்பன் அவள் தோளைத் தாங்கினார்.

"கீழ கரண்டு போகுதுங்ண்ணா. மேல ஏறிருங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் ஒன்றும் கேட்காமல் ஏறிவிட்டார். அவளுக்கும் கை கொடுத்துத் தூக்கினார்.

எங்கிருந்து எங்கே போகிறது என்று அருண்பாண்டி கத்தினார். அவள் வண்டியிலிருந்த சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். மோட்டார் அறைக் கதவடியில் குனிந்தவள், தூளை விட்டுக்கொண்டே வேன்களுக்கு முன்னால் திரும்பி வந்தாள். தறிக்கூடத்து கேட்டில் கோடு முடிந்தது.

அந்த கேட்டின் தாழ்ப்பாள் லேசில் வராது. கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும்.

அவள் தூக்கி இழுத்தாள்.

உள்ளே தறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் மேடையில் ஒரு போன் பஞ்சு படிந்து கிடந்தது. குழந்தைவேல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அன்புசெல்வி தன் கணவரின் காதோரம் போய், குழியில் ஆள் நின்ற விஷயத்தைச் சொன்னாள்.

யாரிடம் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த சாவியை உருவிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்கச் சாலையைக் கடந்து ஓடினார்.

தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன.

திரும்பி வந்தவர் பொறியாளருக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றுகொண்டார். மூச்சு வாங்கியது.

"நாந்தானுங்க இழுத்தேன். இவளுக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க."

அருண்பாண்டி சாலையில் கிடந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

மோட்டார் அறையிலிருந்து கேட் வரைக்கும், அது ஓர் இடத்தில்கூடத் தயங்கியிருக்கவில்லை.