ஒரு முழம் பிளாஸ்டிக்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டான்.

டக். டக். டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

வீட்டின் பின்சுவரை ஒட்டி இறங்கும் இரும்புக் குழாய். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மாடிக் குளியலறைக்குப் போய், அங்கிருந்து கூடத்துச் சுவரின் பின்பக்கமாக அடுக்களைக்கு வருகிறது. இருபது வருடத்துக்கு முன் அவனே மாட்டியது.

குழாயில் சத்தம் என்றாலே அந்த வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். காற்று அடைத்திருந்தால் குழாய் கொப்பளிக்கும். வாஷர் தேய்ந்திருந்தால் விசிலடிக்கும். குழாயைச் சட்டென்று மூடினால் சுவரே ஒருமுறை அதிரும். வெயில் ஏறினால் சடசடக்கும். ஒரு கோடி வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று பீற்றிக்கொள்வான்.

இது எதிலும் சேரவில்லை.

வீட்டுக்காரர் சென்னியப்பன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மூத்த மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் கூடத்தில்தான் உட்காருவார்கள். அதற்குள் சத்தம் நின்றாக வேண்டும் என்று விடிந்ததும் ஆள் அனுப்பியிருந்தார்.

வால்வை மூடினான். அடுக்களைக் குழாயைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரையெல்லாம் வடியவிட்டான்.

இப்போது வெறும் குழாய்.

டக். டக். டக்.

அவனுக்குப் பிடிபடவில்லை. தொழில் பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்துக் குழாயை இரண்டு தட்டு தட்டினான். அடைப்பு எங்கே என்று பார்க்க எப்போதும் செய்வதுதான்.

சத்தம் நின்றது.

பிறகு மேலிருந்து இரண்டு தட்டு வந்தது.

நான்கு தட்டினான்.

நான்கு வந்தது.

தண்ணீருக்கு எண்ணத் தெரியாது.

தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான்.

மாடிக் குளியலறையை ஒட்டிய அறை இந்த வீட்டுப் பெண் நவீனாவுடையது. பெங்களூரில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்று ஊர் சொல்கிறது. சொல்லச் சொன்னதைச் சொல்ல ஊருக்குக் கசக்கவா செய்யும். போன மாதம் அவள் ஒரு பையனோடு கிளம்பிப் போனதும், எட்டாம் நாள் இரண்டு கார்கள் போய் அவளைக் கூட்டி வந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

பையன் இவன் தெருக்காரன். அந்தப் பையனை யாரும் கூட்டி வரவில்லை. அவனுடைய அம்மா இன்னும் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறாள்.

சென்னியப்பன் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார்.

“உன்ற பையன் காலேசுல எந்த வருசமப்பா?”

“ரெண்டாவதுங்கய்யா.”

“நல்லாப் படிக்கட்டும். ஒரு வம்புக்கும் போகாம.”

குரல் ஏறவில்லை. ஊர் நடப்பு விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். பிறகு, என்ன சத்தம் என்று தெரிந்ததா என்றார்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

“காத்துங்கய்யா. உள்ள காத்து அடைச்சுக்கிட்டிருக்குதுங்க.”

அப்படியென்றால் சரிசெய் என்றார்.

சரிசெய்ய அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. தெரியாதவனாக இருந்தால் கையை விரித்துவிட்டுப் போயிருக்கலாம். இரும்பு சத்தத்தைக் கொண்டுவரும். பிளாஸ்டிக் விழுங்கிவிடும்.

கைக்கெட்டும் உயரத்தில், ஒரு முழம் இரும்பை ரம்பத்தால் அறுத்தான்.

அறுக்க ஆரம்பித்ததும் மேலே தட்டுவது நின்றுபோனது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அறுக்கிறவன் தன்னிடம் வருவதற்காகத்தான் அறுக்கிறான் என்றுகூட நினைத்திருப்பாள்.

அந்த நினைப்பு வந்ததும் அவன் கை நின்றது.

காலேஜில் படிக்கும் தன் பையன் ஞாபகம் வந்தது. மீதியையும் அறுத்தான்.

வெட்டிய இடத்தில் பிளாஸ்டிக் துண்டைப் பொருத்தி முறுக்கினான். குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்புகளைக் கழற்றி, அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்துத் திரும்ப மாட்டினான். வேலை என்று வந்தால் அவனுக்கு அரைகுறையாகச் செய்ய வராது. வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வால்வைத் திறந்தான். தண்ணீர் ஒழுங்காக ஓடியது.

சென்னியப்பன் கூடத்துக்குள் போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நடுவில் நின்று கேட்டார். மனைவியையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

அந்த அம்மாள் சுவரில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வேறோர் இடத்தில் வைத்தாள். பிறகு இன்னோர் இடத்தில்.

“ஒண்ணுமே கேக்கலீங்களே,” என்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே அவன் ரம்பத்தைப் பைக்குள் போட்டான். குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தான். கீழே கசிவில்லை. பிளாஸ்டிக்கில் கசிவில்லை.

மேலே இரும்பில் கை வைத்தான்.

அதிர்ந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

மறுபடியும் நான்கு.

“முடிஞ்சுதாப்பா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

உள்ளங்கைக்குள் ஒன்று, இரண்டு.

“முடிஞ்சுதுங்கய்யா,” என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டான்.