நத்தை திரும்புகிறாள்

எங்கள் பெண்கள் பள்ளியின் வலைப்பூவில் முகம் போடக் கூடாது, சொந்தப் பெயரும் கூடாது. அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு புனைபெயரோடு பின்னந்தலையைத்தான் படமாக வைத்திருக்கிறார்கள். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். எது யாருடையது என்று படங்களுக்கு ஒப்புதல் தருகிற ஆசிரியை எனக்கே தெரியாது. நத்தை என்ற பெயர்க்காரி மட்டும் அடிக்கடி படத்தை மாற்றினாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் கவனித்தேன், தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காது மடல் தெரிந்தது. விதியில் காதைப் பற்றி ஒன்றும் இல்லை, விட்டுவிட்டேன். கன்னத்தின் ஓரம் வந்தபோது குழம்பினேன். கன்னம் எந்த இடத்தில் முகமாகிறது? அதையும் விட்டேன். "இன்னும் கொஞ்சம் திரும்புடி" என்று மற்றவர்கள் கீழே எழுதினார்கள். வகுப்பில் நுழைந்தாலே, "மிஸ், இன்னைக்கு நத்தை வந்துச்சா?" நானும் பாடம் நடத்துகிற சாக்கில் ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்த படத்தில் இமைமயிர் தெரிந்தது, சிரிப்பு தொடங்குகிற இடமும். அதற்கு மேல் முடியாது என்று நிராகரித்தேன். திங்கட்கிழமை காலை திறந்தால், வகுப்பே புதுப் படம் அனுப்பியிருந்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கமாக, காது தெரியும் அளவுக்குத் திரும்பியிருந்தது. நத்தை மட்டும் மறுபடி முழுப் பின்னந்தலை. ஒன்றுக்கும் ஒப்புதல் தராமல் வகுப்புக்குப் போனேன். "குட் மார்னிங் மிஸ்" என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள், எல்லா முகமும் என்னையே பார்த்துக்கொண்டு.