பொட்டு டீச்சர்

அணிலம்மாவின் மகள் பொட்டு, மைனா டீச்சரின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளே டீச்சராகிவிட்டாள். சாயங்காலமானால் வேப்பங்கொட்டைகளை வரிசையாக உட்கார வைத்து, கையில் குச்சியோடு பாடம் நடத்துவாள்.

"மூச்! ஏய் கடைசிக் கொட்டை, உன் மண்டையில ஒண்ணுமே ஏறாதா?"

முதலில் அணிலம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம்தான் சுருக்கென்றது. பச்சைப் பிள்ளைகளிடம் இப்படியா பேசுகிறாள் அந்த மைனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் வாலைச் சிலிர்த்துக்கொண்டு போனாள். மைனா டீச்சரோ மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, சத்தம் போடாம இங்க வந்து பாருங்க."

அந்தப் பக்கம் பொட்டு, 'அம்மா விளையாட்டு' விளையாடிக்கொண்டிருந்தாள். மடியில் ஓர் இலைக் குழந்தை.

"வாயைத் திறக்கிறியா, பூனையைக் கூப்பிடவா? அப்படியே உங்கப்பன் பிடிவாதம்! பக்கத்துக் கிளைச் செல்லியைப் பாரு, எவ்வளவு சமர்த்தா சாப்பிடுறா!"

அணிலம்மாவின் வால் மெல்லப் படிந்தது.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்றாள் மைனா.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

அதற்குள் பொட்டு இருவரையும் பார்த்துவிட்டாள். குச்சியை எடுத்துக்கொண்டு குதித்தோடி வந்தாள்.

"விளையாட ஆள் வேணும். அம்மாவும் நான்தான், டீச்சரும் நான்தான். நீங்க ரெண்டு பேரும் குழந்தைங்க. சரியா?"

இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.