உறை பிரிக்காத டப்பா

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பென்சில் டப்பா இருந்தது. காந்த மூடி போட்ட, விலை கூடிய டப்பா. பூவரசியின் பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்தது. வீணாகிவிடும் என்று அம்மா அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கென்று, எதை எடுத்தாலும் இருபது ரூபாய் என்று விற்கும் கடையில் ஒரு தகர டப்பா வாங்கினாள்.

தகர டப்பா மாலையில் மேசைக்கு வந்ததும் பேச ஆரம்பித்துவிடும்.

"அக்கா, இன்னைக்குக் கணக்குப் பரீட்சை. பூவரசி என் மேல தாளம் போட்டுக்கிட்டேதான் யோசிச்சா."

"உன் மூலையில துரு ஏறியிருக்கு" என்றது காந்த டப்பா.

"ஆமாக்கா, தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு."

"பெயிண்டும் உரிஞ்சிருக்கு."

"அதுவா? காம்பஸ் முனையால அவ பேரைக் கீறியிருக்கா. பாக்குறீங்களா?"

காந்த டப்பா பார்க்கவில்லை. தகர டப்பாவின் மூடி எப்போது கழன்று விழும், தான் எப்போது பள்ளிக்கூடம் போகலாம் என்றே காத்திருந்தது.

ஒருநாள் மூடி கழன்றது. பூவரசி அழுதுகொண்டே வந்து அலமாரியைக் காட்டினாள்.

"அதைக் குடும்மா."

அம்மா காந்த டப்பாவை வெளியே எடுத்தாள். அதற்கு உறைக்குள் மூச்சு முட்டியது. அம்மா முந்தானையால் அதன் தூசியைத் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"இவ்வளவு நல்ல டப்பாவை யாராவது ஸ்கூலுக்குக் கொண்டுபோவாங்களா? செருப்பைப் போடு, கடைக்குப் போவோம்."

மறுநாள் மாலை மேசைக்கு வந்த புது டப்பா தகரம்கூட இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். அது அலமாரியை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகக் கேட்டது.

"என்னக்கா, உங்களுக்கு இன்னைக்கு லீவா?"