நூற்றுக்கு நூற்று நான்கு

மறுபடியும் காலி.

பதினாறு குண்டு செலவழித்துக் கொன்ற மிருகத்தின் வயிற்றில் ஒரு துளி எண்ணெய்கூட இல்லை.

பிற்பகல் மூன்று மணி. காலையிலிருந்து நூறு போட்டு எண்பத்தெட்டுதான் எடுத்திருந்தேன்.

விளையாட்டுதான். ஆனால் அதில் சுடும் ஒவ்வொரு குண்டையும் நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மிருகம் செத்தால் எண்ணெயோ தோலோ கிடைக்கும். அங்கேயே சந்தையில் விற்றால், அதுவும் நிஜப் பணமாகவே வங்கிக்கு வந்துவிடும். பல நேரம் ஒன்றும் கிடைக்காது.

பம்பு தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. அங்கே தரப் பரிசோதகன். இங்கே வேட்டைக்காரன். வீட்டில் 'ஆன்லைன் வேலை' என்று சொல்லியிருந்தேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இந்தத் தொழிலின் மொத்த சூத்திரமும் அதுதான். சுமைகூலியைக் குறைக்க வேண்டும். அதனால் என் துப்பாக்கி இருப்பதிலேயே சின்னது. கவசத்தில் கடி விழுந்தால் பழுது பார்க்கச் செலவு. ஆகவே எப்போதும் பாறை மேல் ஏறி நின்றுதான் சுடுவேன். தேவைக்கு மேல் ஒரு குண்டு போட்டதில்லை.

இத்தனை செய்தும் ஒரு நாள்கூடப் போட்ட நூறு திரும்பி வரவில்லை. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஆறு. ஒரு முறை தொண்ணூற்று ஒன்பது. அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிடுவாள். கேட்க மாட்டாள்.

எங்களோடு இருக்கும் மாமனாரும் கேட்க மாட்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எனக்கு வேலை போனதிலிருந்து, "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதற்கு மேல் பேச்சில்லை. பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மீதி முப்பது குண்டு.

அப்போது மேட்டுக்குக் கீழே ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். ஆரஞ்சு உடை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. பின்னாலேயே, என்னைப் போன்றவர்கள் கிட்டேகூடப் போகாத ஒரு கொம்பு மிருகம். அவரே சுட்டுக் கிளப்பிவிட்டிருக்கிறார். எவ்வளவு குண்டைக் கொட்டினாரோ, அதன் உயிர் பாதியாகக் குறைந்திருந்தது.

என் பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஓடிக்கொண்டே எழுதியதில் பாதி எழுத்தைக் காணோம். 'சார் காப்த்துங'.

என்னால் முடியும். இருபது குண்டு ஆகும்.

ஆனால் அங்கே சட்டம் வேறு. முதல் குண்டு யாருடையதோ, உடல் அவருக்கு. நான் சுட்டால் குண்டு என்னுடையது, தோல் அவருடையது. அவர் செத்துவிட்டால் உரிமையும் போய்விடும். அப்புறம் அது சொந்தக்காரன் இல்லாத, பாதி செத்த மிருகம்.

எரிச்சலாக வந்தது. எட்டு மாதமாக எண்ணி எண்ணிச் சுடுகிறவனிடம், நேற்று முளைத்தவர் வந்து தானம் கேட்கிறார்.

காத்திருந்தேன்.

நான்கு சுற்று ஓடினார். ஒவ்வொரு சுற்றிலும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். ஐந்தாவது சுற்றில் விழுந்தார்.

இருபத்தோரு குண்டு. வயிறு நிறைய எண்ணெய், கிழியாத தோல். சந்தையில் தள்ளிவிட்டுக் கணக்கைப் பார்த்தேன்.

நூற்று நான்கு.

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மாமனார் என் மனைவியின் பழைய லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"ரொம்பக் கஷ்டமான வேலைதான் மாப்பிள்ளை இது. தள்ளி நின்னு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, பென்ஷன்ல கொஞ்சம் போட்டு நானும் சேர்ந்தேன், உங்களுக்குத் தொணையா இருக்கட்டுமேன்னு. மூணே நாள். இன்னைக்கு எல்லாம் போச்சு."

லேப்டாப்பை என் மேசை மேல் வைத்தார்.

"பணம் போனா போகட்டும். ஒருத்தன் பாறை மேல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். நாங்கள்லாம் ஓடி வர்றவங்களப் பார்த்தா பஸ்ஸ நிறுத்துவோம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அடித்துத் திருத்தாமல், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

சிக்கனப்புலி.

சேர்ந்த அன்று நானே சிரித்துக்கொண்டு வைத்துக்கொண்ட பெயர்.

"இந்த ஆள்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. ஆமா, அங்க உங்க பேரு என்ன? சொல்லுங்க, எழுதிக்கறேன். நாளைக்கு உங்க பக்கத்துலயே நின்னுக்கறேன்."

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"நாளைக்குச் சொல்றேன் மாமா. இப்ப நெட் சரியில்ல."

"சரி சரி" என்று டீ போடப் போனார்.

உட்கார்ந்து, பெயர் மாற்றும் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதற்கும் கட்டணம் இருந்தது. துப்பாக்கியையும் கவசத்தையும் விற்றால் சரியாக இருக்கும்.

விற்றேன்.