ஐந்தடி ஆறே முக்கால்

மாடியில் ஓட்டுக்கூரைக்கு அடியில் இருந்த இடம், பக்கவாட்டில் பார்த்தால், மூன்று பக்கமும் பன்னிரண்டு அடி உள்ள முக்கோணம். அதற்குள் சதுரமாக ஓர் அறை அடைக்கலாம் என்றார் மேஸ்திரி. உயரம் எவ்வளவு வரும் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நிமிந்து நிக்க முடிஞ்சாப் போதும், கேரம் ஆட நல்ல எடம்," என்றார் என் கணவர் ஞானசேகர்.

எனக்கு அந்த அறை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருப்பதற்கு.

மகளின் ரஃப் நோட்டில் முக்கோணம் வரைந்து, உள்ளே சதுரம் போட்டுப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டபிறகுதான், சதுரத்தின் தலையில் மிஞ்சுவதும் ஒரு குட்டிச் சமபக்க முக்கோணம் என்பது கண்ணில் பட்டது. அப்புறம் விடை தானாக வந்தது. ஐந்தடி ஆறே முக்கால் அங்குலம்.

கல்யாணத்துக்கு முன் வந்த ஜாதகக் குறிப்பில் அவர் உயரம் ஐந்தடி எட்டு. உண்மையில் ஐந்தடி ஆறு. இருபது வருடமாக அவர் பேண்ட்டுகளின் அடியை மடித்துத் தைப்பவள் நான்.

"அஞ்சடி ஆறே முக்கால்தான் வருது. உங்களுக்குத் தலை இடிக்குமேங்க," என்றேன்.

"கணக்கு சரியாப் போட்டியா?"

"நீங்களே போட்டுப் பாருங்க."

உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "ஆமாமா, இடிக்கும். நீயே வச்சுக்க."

இப்போது எனக்குக் காபி கொண்டுவரும்போதெல்லாம் தலையைக் குனிந்தபடியேதான் உள்ளே வருகிறார். நிமிர்ந்தாலும் முக்கால் அங்குலம் மிஞ்சும்.

"பாத்துங்க, பாத்து," என்கிறேன்.